லெஷர் பேட்டரி நிறைந்திருக்க, இன்ஜின் பேட்டரி மட்டும் ஏன் இறங்கிப்போகிறது? குளிர்காலம் முழுக்க நிறுத்திவைக்கும் மோட்டர்ஹோம் பற்றி

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் இருக்கிறீர்கள். ஃபியட் டுகாட்டோ மேல் கட்டிய மோட்டர்ஹோம் உங்களுடையது. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஒரு ஸ்டோரேஜ் கம்பவுண்டில் நிற்கும். அங்கே மின் இணைப்பு கிடையாது, ஆனால் கூரையில் 100 வாட் சோலார் பேனல் இருக்கிறது. ஏப்ரலில் போய்த் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது, தண்ணீர் பம்ப் ஓடுகிறது, கண்ட்ரோல் பேனலில் லெஷர் பேட்டரி (வசிக்கும் பகுதிக்கு மின்சாரம் தரும் தனி பேட்டரி) ‘ஃபுல்’ என்று காட்டுகிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் ஸ்டார்ட்டரிலிருந்து ‘டிக்’ என்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஏற்கெனவே ஒரு பேட்டரியை மாற்றிவிட்டீர்கள், இப்போது இரண்டாவதும் அதே நிலை. கராஜில் ‘பேட்டரி மட்டமான சரக்கு’ என்றார்கள். நண்பர் ஒருவர் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடச் சொல்கிறார்.

பேட்டரியின் தரத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் சோலார் பேனல் இன்ஜின் பேட்டரிக்கு எதையுமே கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதை எப்படி உறுதிசெய்வது என்று கீழே சொல்கிறேன். முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

வண்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்ட பிறகும் அது மின்சாரம் இழுப்பதை நிறுத்துவதில்லை. இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புக் கருவி), சென்ட்ரல் லாக்கிங்கின் ரிசீவர், ரேடியோவின் மெமரி, அலாரம், இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்டுப் பொருத்திய டிராக்கர் என்று எல்லாமே துளித்துளியாக எடுத்துக்கொண்டிருக்கும். எந்தக் கோளாறும் இல்லாத வண்டியிலேயே இது 20 முதல் 50 மில்லியாம்ப் வரை இருக்கும். உங்களுடையது 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.96, அதாவது ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. டுகாட்டோவில் இருப்பது 95 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் மூன்று மாதம் தாங்கும் என்று தோன்றும். தாங்காது. கம்பவுண்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தும்போது அந்தப் பேட்டரி 100 சதவீதத்தில் இருப்பதே அபூர்வம். யூரோ 6 புகைவிதி வந்த பிறகு தயாரான வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) வேண்டுமென்றே பேட்டரியைச் சுமார் 80 சதவீதத்தில் வைத்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலைச் சேமிக்க இடம் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 80 சதவீதம் என்றால் 76 ஆம்பியர்-மணி. அது 50 சதவீதத்துக்கு, அதாவது 47க்கு இறங்க நான்கே வாரம் போதும். பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியை வைத்து உறைகுளிரில் ஒரு டீசல் இன்ஜினைச் சுழற்றுவது சந்தேகம்தான். உறைநிலையில் பேட்டரியின் உந்துசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆயில் கெட்டியாகிவிடுவதால் இன்ஜினுக்கோ அதிகம் தேவைப்படும்.

ஆக, அக்டோபர் கடைசியில் நிறுத்திய வண்டி நவம்பர் கடைசியிலேயே ஆட்டம் காணத் தொடங்குகிறது. நீங்கள் திறப்பதோ ஏப்ரலில். 150க்கும் அதிகமான நாட்களுக்கு நாளொன்றுக்கு 1 ஆம்பியர்-மணி என்றால் அந்தப் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தாலும் போதாது. என்ன விலை கொடுத்து எந்தப் பெயர் போட்ட பேட்டரியை வாங்கி வைத்தாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

சார்ஜ் இறங்குவது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடப்பதுதான் பேட்டரியைக் கொல்கிறது. லெட்-ஆசிட் பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு வகைத் தகடுகளிலும் லெட் சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது கரைந்து, ஈயமாகவும் ஈய டையாக்சைடாகவும் கந்தக அமிலமாகவும் திரும்பிவிடுகிறது. புதிதாகப் படிந்த சல்பேட் சர்க்கரைத் தூள் மாதிரி, சுலபமாகக் கரையும். வாரக்கணக்கில் விட்டால் கற்கண்டாக இறுகிவிடும். இறுகிய பகுதி அதன் பிறகு வேலைக்கு வராது. 95 என்று எழுதியிருக்கும் பேட்டரி உண்மையில் 50 ஆகவும் 40 ஆகவும் சுருங்குவது இப்படித்தான். சார்ஜரில் போட்டால் சீக்கிரமே ‘ஃபுல்’ என்று காட்டும், ஆனால் இரண்டு ஸ்டார்ட்டுக்கு மேல் தாங்காது. கராஜில் அதைச் சோதித்துவிட்டு ‘மட்டம்’ என்று சொன்னதில் வியப்பில்லை. அவர்கள் கண்டது விளைவை.

குளிரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலம் உறைய மைனஸ் 60 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். இங்கிலாந்தில் அது நடக்காது. ஆனால் சார்ஜ் முழுக்க இறங்கினால் உள்ளே இருப்பது ஏறக்குறைய தண்ணீர்தான், மைனஸ் 8 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். ஸ்காட்லாந்துப் பக்கம் அந்தக் குளிர் அடிக்கடி வரும், மிட்லண்ட்ஸிலும் சில இரவுகளில் வரும். உறைந்தால் தகடு வளையும், பெட்டி வெடிப்பு விடும். பக்கவாட்டில் உப்பியிருக்கும் பேட்டரியை ஒருபோதும் சார்ஜரில் மாட்டாதீர்கள்.

இப்போது அந்தச் சோதனை. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். காலையில் வெளிச்சம் வருவதற்கு முன், அல்லது பேனலைப் போர்த்திவைத்துச் சில மணி நேரம் கழித்து, இரண்டு பேட்டரிகளின் வோல்டேஜையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நல்ல வெயில் இருக்கும் நண்பகலில் மறுபடி அளந்து பாருங்கள். லெஷர் 12.7இலிருந்து 13.6க்கோ 14க்கோ ஏறியிருக்கும். இன்ஜின் பேட்டரியும் 13ஐத் தாண்டி ஏறியிருந்தால் அதற்கும் மின்சாரம் போகிறது என்று பொருள். காலையில் இருந்த 12.4 நண்பகலிலும் 12.4ஆகவே இருந்தால் ஒன்றும் போகவில்லை. உங்களுக்கு இரண்டாவதுதான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். டீலர்கள் கூரையில் பொருத்தித் தரும் பேனல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றை வெளியீடு உள்ள கண்ட்ரோலரைத்தான் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வைக்கிறார்கள், அதன் வயர் நேராக லெஷர் பேட்டரிக்குப் போகிறது. இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ரிலே ஒன்று உண்டு. இன்ஜினை நிறுத்தியதும் அது பிரிந்துவிடும். பிரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம், ராத்திரி முழுக்க டிவி பார்த்தாலும் காலையில் வண்டி கிளம்ப வேண்டுமே.

டுகாட்டோவில் இன்ஜின் பேட்டரியைத் தேடிப் பானட்டைத் திறந்தால் காணக் கிடைக்காது. கேபினில் இடப்பக்கத் தரைக்கு அடியில் இருக்கும், அதாவது இங்கிலாந்து வண்டிகளில் பயணியின் காலடியில். மேட்டைத் தூக்கி மூடியைக் கழற்றினால் தெரியும். அளக்கவும் சார்ஜ் ஏற்றவும் அதைத் திறக்க வேண்டியதில்லை. பானட்டுக்குள் பிளாஸ்டிக் மூடியின் கீழ் ஒரு பாசிட்டிவ் முனையை வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நெகட்டிவுக்கு இன்ஜின் பக்கத்திலோ சேசிஸிலோ சுத்தமான உலோகத்தைப் பிடித்தால் போதும்.

வோல்டேஜை எப்படிப் படிப்பது? வண்டி ஓடாமல், சார்ஜ் ஏறாமல், ஒரு ராத்திரியாவது ஓய்வில் இருந்த பிறகு அளந்தால் 12.7 முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) என்றால் நிறைந்த நிலையில் 12.8ஐத் தாண்டும். ஓட்டி முடித்த உடனே அளந்தால் 12.9, 13 என்று காட்டி ஏமாற்றும், அதை நம்ப வேண்டாம். என் பழக்கம் இது: 12.4க்குக் கீழே எந்த நாளும் இறங்க விடுவதில்லை. அந்தக் கோட்டுக்கு மேலேயே வைத்திருந்தால் சல்பேட் இறுகும் பிரச்சினை ஏறக்குறைய வராது.

வண்டி ஓய்வில் எவ்வளவு இழுக்கிறது என்பதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்ப் அளவில் வைத்து, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மாட்ட வேண்டும். பேட்டரி கேபின் தரையில் இருப்பதால் கதவு திறந்தே இருக்கும், அப்போது வண்டி தூங்காது. கதவின் பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் கதவு சாத்தியிருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் பூட்டு உடையும். மாட்டிய உடனே 1 ஆம்ப், 2 ஆம்ப் என்று காட்டும். பயப்பட வேண்டாம், கண்ட்ரோல் யூனிட்டுகள் ஒவ்வொன்றாக உறங்க அரை மணி நேரம் வரை ஆகும். அதன் பிறகு காட்டுவதுதான் உண்மையான அளவு. மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. கேபிளைச் சுற்றிப் பிடித்தால் போதும், ஆனால் மில்லியாம்ப் அளவைச் சரியாகக் காட்டும் தரமானதாக இருக்க வேண்டும்.

50 மில்லியாம்புக்குள் இருந்தால் நிம்மதி. 150, 200 என்று வந்தால் எதுவோ தூங்காமல் இருக்கிறது. என்ன சார்ஜர் மாட்டினாலும் முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மோட்டர்ஹோமில் நான் முதலில் சந்தேகப்படுவது பிறகு சேர்த்த பொருட்களைத்தான்: வெளியில் வாங்கிப் போட்ட ரேடியோ, ரிவர்ஸ் கேமரா, டேஷ்கேம், டிவி ஆன்டெனா பூஸ்டர், மின்சாரத்தில் இறங்கும் படிக்கட்டின் கண்ட்ரோலர். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறது என்று பாருங்கள்.

இனி என்ன செய்வது? உங்களிடம் கூரையில் பேனல் இருக்கிறது, லெஷர் பேட்டரி நிறைந்து வழிகிறது. அதிலிருந்து கொஞ்சத்தை இன்ஜின் பேட்டரிக்குத் திருப்பிவிடுவதுதான் உங்கள் நிலைமைக்குச் சரியான வழி. இதற்கென்றே சிறு கருவிகள் கிடைக்கின்றன. இங்கிலாந்தில் வான் பிட்ஸின் பேட்டரி மாஸ்டர், ஜெர்மனியின் வோட்ரோனிக் தயாரிக்கும் ஸ்டாண்ட்பை சார்ஜர் இரண்டும் மோட்டர்ஹோம்காரர்கள் நன்றாக அறிந்தவை. லெஷர் பேட்டரிக்கு எங்கிருந்தோ சார்ஜ் ஏறி அதன் வோல்டேஜ் உயரும்போது கொஞ்சம் மின்சாரத்தை இன்ஜின் பேட்டரிக்குத் தள்ளும், உயராதபோது சும்மா இருக்கும். எதிர்த் திசையில் போகாது. மூன்று வயர் வேலை: லெஷர் பாசிட்டிவ், இன்ஜின் பாசிட்டிவ், எர்த். இரண்டு பாசிட்டிவ் வயர்களுக்கும் அந்தந்தப் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். கருவிக்குப் பக்கத்தில் போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். நடுவில் வயர் தேய்ந்து சேசிஸில் பட்டால் காப்பாற்றுவது பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ் மட்டுமே.

சோலார் கண்ட்ரோலரை எப்படியும் மாற்றப்போகிறீர்கள் என்றால் இரண்டு வெளியீடு உள்ளதாக வாங்கிவிடுங்கள். வோட்ரோனிக்கின் டூயோ வகை, ஈபிஎவரின் டூயோரேசர் போன்றவற்றில் இரண்டாவது முனை இன்ஜின் பேட்டரிக்கென்றே இருக்கிறது. சில சமயம் ஏற்கெனவே வண்டியில் இருப்பதே இரட்டை வெளியீட்டுக் கண்ட்ரோலராக இருக்கும், பொருத்தியவர் இரண்டாவது வயரை இழுக்காமல் விட்டிருப்பார். பணம் செலவழிக்கும் முன் அதைத் திறந்து பாருங்கள்.

குளிர்காலத்தில் சூரியன் போதுமா என்று கேட்பீர்கள். டிசம்பர் கடைசியில் மிட்லண்ட்ஸில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 14, 15 டிகிரிதான் எழும். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 100 வாட் பேனல் அந்த மாதத்தில் சராசரியாக நாளொன்றுக்கு 40 வாட்-மணி அளவு கொடுக்கும். அதாவது ஏறக்குறைய 3 ஆம்பியர்-மணி. கேட்கச் சொற்பமாக இருக்கலாம். ஆனால் உங்கள் இன்ஜின் பேட்டரிக்குத் தேவை 1தானே? போதும். பிப்ரவரி வந்ததும் தாராளமாகவே கிடைக்கும். பேனலின் மேல் இலையும் பாசியும் பறவை எச்சமும் படியாமல் இருப்பது டிசம்பரில்தான் மிக முக்கியம். நிறுத்தும் அன்று ஏணி வைத்து ஏறி ஒருமுறை துடைத்துவிடுங்கள். உள்ளே ஃபிரிட்ஜ், கண்ட்ரோல் பேனல், கேஸ் அலாரம் எதுவும் லெஷர் பேட்டரியைக் குடிக்காதபடி மெயின் ஸ்விட்சையும் அணைத்துவிட வேண்டும்.

கூரையில் பேனலே இல்லாதவர்கள் 20 வாட் அளவுள்ள சிறு பேனல் ஒன்றைச் சொந்தக் கண்ட்ரோலரோடு இன்ஜின் பேட்டரிக்கு நேராக மாட்டலாம். தெற்கு நோக்கி நிற்கும் வண்டியின் முன்கண்ணாடிக்குள் சாய்த்து வைத்தால், தாழ்ந்த குளிர்காலச் சூரியனுக்கு அந்தச் சாய்வு மிகப் பொருத்தம். கண்ணாடி கொஞ்சம் தின்றுவிடும், ஆனாலும் பரவாயில்லை. கண்ணாடிக்கு மேல் வெள்ளி நிறத் திரையைப் போர்த்திவிட்டுப் பேனலை உள்ளே வைப்பதால் மட்டும் பயனில்லை. இன்னொன்று: இப்படிப் பேனல் வாங்கியவர்கள் பலர் அதோடு வரும் சிகரெட் லைட்டர் பிளக்கைச் சொருகிவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட்டின் இணைப்பு பல வண்டிகளில் துண்டிக்கப்பட்டுவிடும். பேனலின் விளக்கு பச்சையாக எரியும், பேட்டரிக்கு ஒன்றும் போகாது. சாவி இல்லாமல் அந்த சாக்கெட்டில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள்.

லெஷர் பேட்டரியை லித்தியத்துக்கு மாற்றியவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட் காட்டும். வோல்டேஜை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இணைப்புக் கருவிக்கு அது ‘சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது’ என்று படும். இரவும் பகலும் இன்ஜின் பேட்டரிக்குத் தள்ளிக்கொண்டே இருந்து லித்தியத்தை மெல்ல இறக்கிவிடும். லித்தியத்துக்கு ஏற்றபடி அளவை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள கருவியா என்று கேட்டு வாங்குங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், கடும் குளிரில் அதன் பாதுகாப்பு மின்சுற்று சோலாரைத் தடுத்துவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டு வாசலிலேயே நிறுத்த இடம் கிடைத்து ஹூக்-அப் கேபிளை (வீட்டு மின்சாரத்தை வண்டிக்குக் கொண்டுவரும் கேபிள்) சொருக முடிந்தால் வேலை சுலபம்தான், ஆனால் அங்கேயும் அதே பொறி இருக்கிறது. வண்டியில் உள்ள சார்ஜர் எந்தப் பேட்டரிக்குக் கொடுக்கிறது? ஜெர்மன் வண்டிகளில் பரவலாக இருக்கும் ஷவுட் எலெக்ட்ரோபிளாக் யூனிட்டுகள் லெஷரை நிரப்புவதோடு இன்ஜின் பேட்டரிக்கும் 2 ஆம்ப் வரை கசியவிடும். பிரிட்டிஷ் வண்டிகளில் உள்ள சார்ஜென்ட் பேனல்கள் சிலவற்றில் எந்தப் பேட்டரி என்று பொத்தான் அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்காதது பட்டினிதான். மேலே சொன்ன அதே சோதனையை இங்கேயும் செய்யுங்கள்: பிளக்கைச் சொருகும் முன் அளந்து, சொருகி அரை மணி கழித்து அளந்தால் விடை கிடைத்துவிடும். இன்ஜின் பேட்டரிக்குப் போகவில்லை என்றால் சிடெக், நோகோ, விக்ட்ரான் போன்ற பல கட்ட சார்ஜர் ஒன்றைத் தனியாக மாட்டிவிடலாம். 1 ஆம்ப் கொடுப்பதே பராமரிப்புக்குப் போதும், 5 ஆம்ப் என்றால் இறங்கிய பேட்டரியை ஏற்றவும் உதவும். இவை நிரம்பியதும் 13.5 வோல்ட் வாக்கில் இறங்கி நின்றுகொள்ளும். அப்பா காலத்து டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் அப்படி நிற்காது. ஏற்றிக்கொண்டே இருந்து தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். கண் முன்னே சில மணி நேரம் பயன்படுத்தலாம், மாதக்கணக்கில் விடவே கூடாது. நெகட்டிவ் முனையில் சிறு பிளாஸ்டிக் பெட்டிபோல ஒரு சென்சார் இருந்தால், அது பெரும்பாலும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டி (சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும் வகை). சார்ஜரின் கறுப்புக் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டாமல் சேசிஸில் மாட்டுங்கள், அப்போதுதான் உள்ளே போகும் சார்ஜை வண்டி சரியாகக் கணக்கிடும்.

பேட்டரியைக் கழற்றிவைத்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. இழுப்பது எதுவும் இல்லை என்றால் நிறைந்த பேட்டரி தானாக இறங்குவது 20 டிகிரியில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம்தான். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். எனவே முழுக்க ஏற்றி, நெகட்டிவைக் கழற்றிவிட்டால் இங்கிலாந்துக் குளிர்காலம் முழுவதையும் அது சுகமாகத் தாண்டும். செலவே இல்லாத வழி. ஆனால் அலாரமும் டிராக்கரும் செத்துவிடும். டிராக்கர் இயங்க வேண்டும் என்பது உங்கள் இன்ஷூரன்ஸின் நிபந்தனை என்றால், அதை அணைத்துவைத்து வண்டி திருடு போனால் பணம் கிடைப்பது சந்தேகம். பாலிசியைப் படித்த பிறகு முடிவெடுங்கள். டிராக்கர் இல்லாதவர்களுக்கு, அதுவும் நல்ல காவல் உள்ள கம்பவுண்டில் நிறுத்துபவர்களுக்கு, நான் முதலில் சொல்வது இதைத்தான். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மறுபடி மாட்டும்போது ரேடியோ ரகசியக் குறியீட்டு எண் கேட்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதானால் எடை 20 கிலோவுக்கு மேல் இருக்கும், முதுகு கவனம். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பயமுறுத்துவார்கள். மரப்பெட்டியில் பேட்டரி வந்த காலத்துக் கதை அது, இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது.

உங்கள் நண்பர் சொன்ன பத்து நிமிட வைத்தியத்தை நான் ஏற்கவில்லை. ஸ்டார்ட் செய்ய ஆகும் செலவு சிறியதுதான், ஆனால் லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். அதிலும் கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும். ஐடிலில் பத்து நிமிடம் ஓடினால் ஒரு சில ஆம்பியர்-மணி ஏறலாம், அதற்கு இன்ஜின் கொடுக்கும் விலை அதிகம். டீசல் இன்ஜின் சூடேறாமலே நின்றுவிடுகிறது. எரிந்த வாயுவின் ஈரம் எக்ஸாஸ்டிலும் ஆயிலிலும் தங்குகிறது, புகை வடிகட்டியான டிபிஎஃபில் கரி சேர்கிறது, அதை எரிக்கும் வெப்பம் வருவதே இல்லை. இன்ஜினை இயக்கத்தான் வேண்டும் என்றால் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து மோட்டர்வேயில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். டயருக்கும் பிரேக்குக்கும்கூட அது நல்லது. அப்படி ஓட்டினாலும் மேலே சொன்ன 80 சதவீதக் கதை இருப்பதால், சோலாருக்கோ சார்ஜருக்கோ அது முழு மாற்று அல்ல.

லித்தியம் ஜம்ப் பேக் ஒன்று வண்டியில் இருப்பது நல்லதுதான், நடுவழியில் மாட்டிக்கொண்டால் உதவும். ஆனால் அதை நம்பிப் பேட்டரியை ஒவ்வொரு வசந்தத்திலும் சாகவிட்டால் மூன்றாவதும் வாங்க வேண்டியிருக்கும்.

இப்போது இறங்கிக் கிடக்கும் உங்கள் பேட்டரியைப் பற்றி. உடனே தூக்கி எறிய வேண்டாம். உப்பலோ வெடிப்போ இல்லை என்றால், காற்றோட்டமான இடத்தில் வைத்து மெதுவாக ஏற்றிப் பாருங்கள், 95 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 5 ஆம்ப் நல்ல வேகம். ரொம்பக் கீழே இறங்கியிருந்தால் ஸ்மார்ட் சார்ஜர் பேட்டரி இருப்பதையே உணராமல் மறுத்துவிடும். மீட்புக்கென்று தனி முறை உள்ள சார்ஜராக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு முழு நாள்கூட ஆகலாம். நிறைந்ததும் கழற்றி 24 மணி நேரம் தனியாக விட்டு அளந்து பாருங்கள். 12.6க்கு மேல் நின்றால் கடையில் ஒரு லோட் டெஸ்ட் (சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்துவிட்டுத் தொடர்ந்து பயன்படுத்தலாம். 12.4க்குக் கீழே சரிந்தால் சல்பேட் இறுகிவிட்டது, அடுத்த குளிரைத் தாண்டாது. 10.5 பக்கம் வந்து நின்றால் ஆறு செல்களில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. புதிது வாங்கும்போது ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு இஎஃப்பியோ (சாதாரண பேட்டரியை வலுப்படுத்திய வகை) ஏஜிஎம்மோ, ஏற்கெனவே எந்த வகை இருந்ததோ அதே வகையைத்தான் வாங்க வேண்டும்.

புதிதை மாட்டும் முன் இணைப்புக் கருவியைப் பொருத்திவிடுங்கள், அதன் வயர்களுக்கும் அதே நாளில் இடம் பார்த்துக்கொள்ளலாம். அக்டோபரில் கம்பவுண்டுக்குக் கொண்டுபோவதற்கு முந்தைய இரவு வீட்டில் சார்ஜரில் போட்டு முழுதாக நிரப்புங்கள். நவம்பர் நடுவில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை மீட்டரோடு போய் பானட்டைத் திறந்து அளந்துவிட்டு வாருங்கள். 12.5க்கு மேல் இருந்தால் அந்த வயரிங் வேலை செய்கிறது. குறைந்திருந்தால், ஏப்ரல் வரை காத்திருக்காமல் அன்றைக்கே நெகட்டிவைக் கழற்றிவிட்டு இன்ஷூரன்ஸ்காரர்களுக்குத் தகவல் சொல்லுங்கள்.